“பாட்டு எப்போது ஆரம்பிக்கும்?”: புரோகிரசிவ் ராக் கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலையில் நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். சபா கச்சேரிகளுக்குத் தவறாமல் போகிறவர். பழைய திரைப்பாடல்களை இசையமைப்பாளர் பெயரோடு சொல்லக்கூடியவர். அப்போது யெஸ் குழுவின் ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’ ஓடிக்கொண்டிருந்தது. முதலில் பறவைகளின் சத்தம், தண்ணீரின் சலசலப்பு. பிறகு திடீரென்று ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு ஓடும் கிட்டாரும் பாஸ் கிட்டாரும் டிரம்ஸும். காப்பியை ஆற்றிக்கொண்டே ஏறக்குறைய மூன்று நிமிடம் பொறுத்துப் பார்த்தவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: “பாட்டு எப்போது ஆரம்பிக்கும்?”

“ஆரம்பித்து மூன்று நிமிடம் ஆகப்போகிறது” என்றேன். அவர் சிரித்தார். ஆனால் அதை ஒரு பதிலாக அவர் எடுத்துக்கொள்ளவில்லை, எடுத்துக்கொண்டிருக்கவும் வேண்டியதில்லை. அன்று சொல்லத் தவறியதை இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

புரோகிரசிவ் ராக் என்றால் என்ன என்று கேட்டால் வழக்கமாக வரும் பதில்கள் சில உண்டு. நீளமான பாட்டு. வேகமான வாசிப்பு. விரலை மடக்கி எண்ண வேண்டிய தாளம். மேற்கத்திய சாஸ்திரிய இசையும் ராக்கும் கலந்த கலவை. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் நீளம்தான் இலக்கணம் என்றால் மேடையில் இருபது நிமிடம் கிட்டாரை இழுத்த ப்ளூஸ் குழுக்கள் எல்லாமே இதில் சேர்ந்துவிடும். வேகம்தான் என்றால் பிங்க் ஃப்ளாய்ட் வெளியே நிற்க வேண்டியதுதான். அவர்களைப் போல நிதானமாக வாசித்த ராக் குழுக்கள் குறைவு. இவையெல்லாம் வெளி அடையாளங்கள். உள்ளே ஓடும் இயந்திரம் வேறு.

## பெயர் செய்யும் குழப்பம்

பெயரிலிருந்தே சிக்கல் தொடங்குகிறது. ‘முற்போக்கு ராக்’ என்று மொழிபெயர்த்தால் நமக்கு மேடையும் மைக்கும் சிவப்புக் கொடியும்தான் கண்முன் வரும். இந்த இசைக்கும் அதற்கும் தொடர்பில்லை. இதை உருவாக்கியவர்களில் பலர் இங்கிலாந்தின் நடுத்தர, மேல் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகள். ஜெனிசிஸ் குழு பிறந்தது சார்ட்டர்ஹவுஸ் என்ற செல்வந்தர் பள்ளியில்.

1960களின் கடைசியில் மூன்று நிமிடப் பாட்டோடு நிற்காத எந்த ராக் இசைக்கும் ‘புரோகிரசிவ்’ என்ற சீட்டை ஒட்டினார்கள். பெரிய இசைத்தட்டு நிறுவனங்கள் அந்தச் சந்தைக்காகவே கிளைப் பெயர்களைத் தொடங்கின. 1969இல் ஈஎம்ஐ ‘ஹார்வெஸ்ட்’டைத் தொடங்கியது, ஃபிலிப்ஸ் ‘வெர்ட்டிகோ’வைத் தொடங்கியது. அந்தச் சொல் ஒரு குறிப்பிட்ட பாணிக்கு உரியதாகச் சுருங்கியது பிற்பாடுதான். கதையைத் தொடங்க ஓர் ஆண்டு வேண்டுமென்றால் அந்த 1969ஐயே எடுத்துக்கொள்ளலாம். அந்த ஜூலையில் லண்டன் ஹைட் பார்க்கில் ரோலிங் ஸ்டோன்ஸின் இலவசக் கச்சேரி நடந்தது. அதில் முன்னதாக வாசித்த புதுக் குழுக்களில் கிங் கிரிம்சன் ஒன்று. குழு தொடங்கி ஓர் ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை. அக்டோபரில் அவர்களுடைய முதல் ஆல்பமான ‘இன் தி கோர்ட் ஆஃப் தி கிரிம்சன் கிங்’ வந்தது. கிழிந்த குரலில் அலறும் முதல் பாட்டு முடிந்து, புல்லாங்குழலோடு இரண்டாவது பாட்டு மெல்ல வந்து உட்காரும் அந்த இடத்தை இன்று கேட்டாலும் வாசல் கதவை யாரோ சாத்தியது போலிருக்கும்.

## பிரகாரம் சுற்றுவதும் பயணம் போவதும்

நாம் அன்றாடம் கேட்கும் பாட்டின் அமைப்பு எளிது. பல்லவி, சரணம், மறுபடி பல்லவி. பிரகாரம் சுற்றுவது போல, எந்தப் பக்கம் திரும்பினாலும் சற்று நேரத்தில் அதே சந்நிதிக்கு வந்துவிடுவோம். ஒவ்வொரு முறையும் பல்லவி அப்படியேதான் இருக்கும். இருக்கவும் வேண்டும், அந்த மாறாத தன்மையில்தான் அதன் இன்பம் இருக்கிறது. மேற்கத்திய பாப் பாட்டும் இதே கட்டுமானம்தான்.

புரோகிரசிவ் ராக் இசையமைப்பாளர் செய்வது வேறு. ஒரு மெட்டைக் காட்டுகிறார். சில சமயம் முழுதாகக் காட்டாமல் துண்டு துண்டாகக் காட்டுகிறார். பிறகு அதை வெளியூருக்கு அனுப்பிவிடுகிறார். அது வேறு தாளத்தில், வேறு கருவியில், வேறு வேகத்தில் போய்வருகிறது. நடுவில் அதற்குச் சம்பந்தமே இல்லாத இடங்களையும் நாம் கடக்கிறோம். கடைசியில் அந்த மெட்டு வீடு திரும்பும்போது சுரங்கள் அதேதான். ஆனால் இடையில் நடந்ததையெல்லாம் கேட்டுவிட்ட காதுக்கு அது வேறாக ஒலிக்கிறது.

இப்படித் திரும்பத் திரும்ப வந்து மாறும் மெட்டுக்குக் ‘கரு மெட்டு’ என்று இந்தக் கட்டுரைக்காகப் பெயர் வைத்துக்கொள்வோம். நீளம் வருவது இதனால்தான். போய்த் திரும்ப நேரம் வேண்டுமல்லவா? கேட்பவரின் நினைவை நம்பிக் கட்டிய இசை இது. பத்து நிமிடத்துக்கு முன் வந்ததை நாம் மறந்துவிட்டால் கட்டடமே சரிந்துவிடும்.

ஒரு சந்தேகத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். நம் கச்சேரியில் ராகம் தானம் பல்லவியும் நீளம்தான், ஆனால் அது பெரும்பாலும் மேடையில் அந்த நேரத்தில் பிறப்பது. இந்த ஆல்பங்களில் கேட்பது அப்படியல்ல. சிறு சிறு பகுதிகளாக எழுதி, ஒத்திகை பார்த்து, ஒலிப்பதிவுக் கூடத்தில் துண்டுகளாகப் பதிவுசெய்து, நாடாவை வெட்டி ஒட்டிச் சேர்த்தது. “தோன்றியதை வாசித்துக்கொண்டே போகிறார்கள்” என்பது இந்த இசையைப் பற்றிய மிகப் பரவலான தவறான எண்ணம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: சாதாரணப் பாட்டு சுற்றி வருகிறது, இது புறப்பட்டுப் போய், மாறித் திரும்புகிறது. நீளம் அதன் விளைவுதான்.

## தட்டின் ஒரு பக்கம்

சரி, ஏன் இருபது நிமிடம்? ஏன் நாற்பதோ எட்டோ இல்லை?

இதற்குப் பதில் இசையில் இல்லை, பிளாஸ்டிக்கில் இருக்கிறது. அந்தக் காலத்து பன்னிரண்டு அங்குல இசைத்தட்டு நிமிடத்துக்கு முப்பத்து மூன்றே கால் சுற்றுக்குச் சற்று அதிகமாகச் சுழலும். ஒவ்வொரு பக்கத்திலும் ஒலி, சுருளாகச் செல்லும் ஒரே நீளப் பள்ளமாக வெட்டப்பட்டிருக்கும். சத்தம் கூடினால், குறிப்பாகக் கீழ்ச்சுருதி கூடினால், அந்தப் பள்ளம் அகலமாக நெளியும், இடத்தைத் தின்னும். பக்கத்துக்கு இருபத்திரண்டு நிமிடத்தைத் தாண்டினால் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும், அதற்காக ஒலி அளவைக் குறைக்கவும் வேண்டும். ஆக ஒரு பக்கம் என்றால் ஏறத்தாழ இருபது நிமிடம். இயற்பியல் போட்ட எல்லை அது.

இப்போது அந்தக் கால நீளப் பாட்டுகளின் அளவைப் பாருங்கள். யெஸ்ஸின் ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’ பதினெட்டரை நிமிடத்துக்குச் சற்று மேல். ஜெனிசிஸின் ‘சப்பர்ஸ் ரெடி’ சுமார் இருபத்து மூன்று. பிங்க் ஃப்ளாய்டின் ‘எக்கோஸ்’ இருபத்து மூன்றரை. வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர் குழுவின் ‘எ ப்ளேக் ஆஃப் லைட்ஹவுஸ் கீப்பர்ஸ்’ பாட்டும் இருபத்து மூன்றை ஒட்டித்தான். எல்லாம் ஒரு பக்கத்துக்குள் அடங்கும் அளவு. வெண்பாவுக்கு நாலடி என்பது போல, இவர்களுக்குத் தட்டின் பக்கமே யாப்பு.

அந்த யாப்பை மீறியவர்களும் உண்டு. ஜெத்ரோ டல் குழு 1972இல் வெளியிட்ட ‘திக் ஆஸ் எ ப்ரிக்’ நாற்பது நிமிடத்துக்கு மேல் ஓடும் ஒரே பாட்டு. முதல் பக்கத்தின் முடிவில் இசை தேய்ந்து மறையும். எழுந்துபோய்த் தட்டைத் திருப்பிப் போட்டு மீதியைக் கேட்க வேண்டும். இன்று கைபேசியில் கேட்கிறவர்களுக்கு அந்த இடத்தில் இசை ஏன் தேய்ந்து மறைகிறது என்று விளங்காது.

## பதினெட்டரை நிமிடத்துக்குள் ஒரு நடை

கோட்பாட்டை நிறுத்திவிட்டு ஒரு பாட்டுக்குள் போவோம். நண்பர் கேட்ட அதே பாட்டு. 1972 செப்டம்பரில் வந்த ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’ ஆல்பத்தின் முதல் பக்கம் முழுவதும் இது ஒன்றுதான். பாடியவர் ஜான் ஆண்டர்சன். கிட்டார் ஸ்டீவ் ஹவ், பாஸ் கிறிஸ் ஸ்குவையர், கீபோர்டு ரிக் வேக்மேன், டிரம்ஸ் பில் ப்ரூஃபோர்ட். ஹெர்மன் ஹெஸ்ஸேயின் ‘சித்தார்த்தா’ நாவல் ஆண்டர்சனைப் பிடித்திருந்த நேரம். பாட்டில் ஓடும் ஆறு அந்த நாவலின் ஆறுதான்.

முதல் ஒரு நிமிடம் பறவைகளும் தண்ணீரும் மெல்ல உயர்கின்றன. சட்டென்று குழு உள்ளே பாய்கிறது. இங்கேதான் புதியவர்கள் பயப்படுவார்கள். கிட்டார் ஒன்று சொல்கிறது, பாஸ் இன்னொன்று சொல்கிறது, யாரும் யாருக்காகவும் நிற்பதாகத் தெரியவில்லை. இடையிடையே “ஆ” என்று ஒரு குரல்கொத்து வெட்டி நிறுத்துகிறது. சந்தைக் கூச்சல் போல இருக்கும். அது வேண்டுமென்றே செய்த கூச்சல். மூன்றாவது நிமிடத்தை ஒட்டி எல்லாம் விலகி, கிட்டார் ஒரு தெளிவான மெட்டைத் தனியாக எடுத்துச் சொல்கிறது. அதுதான் கரு மெட்டு. நண்பர் டம்ளரைக் கீழே வைத்தது அதற்குச் சில நொடிகள் முன்பு! இன்னும் கொஞ்சம் காப்பி மிச்சமிருந்திருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது.

நாலாவது நிமிடத்தில் பாட்டு வரி தொடங்குகிறது. இரண்டாம் பகுதியில் பாடுகிற மெட்டு அதேதான், ஆனால் அடியில் பாஸும் டிரம்ஸும் நடையை மாற்றிவிடுகின்றன. மேலே பழக்கப்பட்ட முகம், கீழே புதிய கால்கள். முதல் முறை கேட்கும்போது இது தெரியாது. நாலைந்து முறை கேட்டபின் ஒருநாள் தெரியும். அந்த நாளில்தான் இந்த இசை உங்களுக்குத் திறக்கும்.

எட்டரை நிமிடத்தில் தாளம் நின்றுபோகிறது. குகைக்குள் நீர் சொட்டுவது போல ஒற்றைச் சுரங்கள். இரண்டு பாடல் வரிகள் ஒன்றின் குறுக்கே ஒன்று போகின்றன; பின்னணிக் குரல்கள் ஒன்றைப் பாட, ஆண்டர்சன் இன்னொன்றைப் பாடுகிறார். இந்தப் பகுதி மேலே ஏறி ஏறி, பன்னிரண்டாவது நிமிடத்தை ஒட்டி ஒரு தேவாலய ஆர்கனாக வெடிக்கிறது. லண்டனில் கிரிப்பிள்கேட்டில் உள்ள செயின்ட் கைல்ஸ் தேவாலயத்தில் இருக்கும் பெரிய குழாய் ஆர்கனில் வேக்மேன் வாசித்துப் பதிவுசெய்தது அது. ஒலிபெருக்கியில் கேட்டால் அறையின் காற்றே கனமாவது தெரியும்.

பிறகு கரு மெட்டு விரைந்து திரும்புகிறது. கடைசிப் பகுதியில் முதலில் பாடிய மெட்டே வருகிறது, ஆனால் இப்போது எல்லாரும் ஒரே திசையில். மூன்று நிமிடத்தில் சண்டையிட்டுக்கொண்டிருந்தவர்கள் பதினேழாவது நிமிடத்தில் ஒரே தேரை இழுக்கிறார்கள். முடிந்ததும் மறுபடி பறவைகள், தண்ணீர். முதலில் கேட்ட கூச்சல் ஏன் தேவைப்பட்டது என்பது இங்கே வந்தபின்தான் விளங்குகிறது. கூச்சல் இல்லாமல் இந்தச் சேர்க்கைக்கு மதிப்பில்லை.

ப்ரூஃபோர்ட் இந்தப் பதிவு முடிந்த கையோடு குழுவை விட்டுக் கிங் கிரிம்சனில் போய்ச் சேர்ந்தார். இதற்கு மேல் இந்தக் குழுவில் செய்ய என்ன இருக்கிறது என்று அவர் நினைத்திருந்தால் குற்றம் சொல்ல மாட்டேன்.

## ஏழு, ஒன்பது, பதினைந்து

அடுத்தது தாளம். இங்கே நமக்கு ஒரு சாதகம் உண்டு. ராக் இசையின் பெரும்பகுதி நான்கு நான்காக எண்ணுவது. இடது வலது, இடது வலது என்று நடக்கிற நடை. அந்தக் காதுக்கு ஏழு எண்ணிக்கை வந்தால் ஒரு படி குறைந்த மாடிப்படி போலத் தடுக்கும். மிச்ர சாபுவில் வளர்ந்த காதுக்கு ஏழு ஒரு விந்தையே இல்லை. ஆகவே ‘சிக்கலான தாளம்’ என்று எவராவது பயமுறுத்தினால் நீங்கள் பயப்பட வேண்டியதில்லை.

பிங்க் ஃப்ளாய்டின் ‘மணி’ எளிய உதாரணம். நாணயம் விழும் ஓசை, காகிதம் கிழியும் ஓசை, கல்லாப்பெட்டியின் ஓசை எல்லாம் வரிசையாக வந்து திரும்பத் திரும்பச் சுழலும். அந்த ஓசைகளைத் தனித்தனியாகப் பதிவுசெய்து, நாடாவை அளவுகோல் வைத்துச் சம நீளத்தில் ஏழு துண்டுகளாக வெட்டி, வளையமாக ஒட்டினார்கள். ஏழு துண்டு, ஏழு எண்ணிக்கை. தாளத்தைக் கத்தரிக்கோலால் செய்தார்கள் என்றே சொல்லலாம். நாணயச் சத்தத்துக்கு ரோஜர் வாட்டர்ஸ் பயன்படுத்தியது, மண்பாண்டம் வனையும் அவர் மனைவி களிமண் பிசைய வைத்திருந்த பாத்திரம். பாட்டின் பெரும்பகுதி ஏழில் போகிறது. டேவிட் கில்மரின் கிட்டார் தனி வாசிப்பில் நான்குக்கு மாறுகிறது. அந்த மாற்றத்தில் ஒரு விடுதலை தெரியும்: நெருக்கடியான சந்திலிருந்து பெரிய சாலைக்கு வந்தது போல.

‘சப்பர்ஸ் ரெடி’யின் கடைசிக்கு முந்தைய பகுதி ஒன்பது எண்ணிக்கை. தகிட தக தகதிமி என்று, மூன்று இரண்டு நான்காகச் சொல்லிப் பாருங்கள். டிரம்ஸில் ஃபில் காலின்ஸும் பாஸில் மைக் ரதர்ஃபோர்டும் அதை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருக்க, மேலே டோனி பேங்க்ஸின் ஆர்கன் அந்தக் கணக்கைச் சட்டை செய்யாமல் அலைகிறது. இரண்டும் எங்கே சந்திக்கும் என்ற பதற்றம்தான் அந்த இடத்தின் உயிர். பதற்றம் உச்சத்துக்குப் போனதும், இருபது நிமிடத்துக்கு முன் கேட்ட தொடக்க மெட்டு திரும்பி வருகிறது. மறுபடி அதே இயந்திரம்தான்.

மைக் ஓல்ட்ஃபீல்டின் ‘ட்யூபுலர் பெல்ஸ்’ 1973இல் வந்தது. வர்ஜின் நிறுவனத்தின் முதல் ஆல்பம்; பெரும்பாலான கருவிகளைப் பத்தொன்பது வயது ஓல்ட்ஃபீல்டே ஒவ்வொன்றாக வாசித்து அடுக்கியது. அதன் தொடக்கப் பியானோ மெட்டு பதினைந்து எண்ணிக்கை. பதினாறு இருந்திருந்தால் தாலாட்டு. ஒன்றைப் பறித்துக்கொண்டதால் ஒவ்வொரு சுற்றும் நாம் எதிர்பார்ப்பதற்கு ஒரு நொடித்துளி முன்னே வந்து விழுகிறது. ‘தி எக்ஸார்சிஸ்ட்’ என்ற பேய்ப் படத்தில் அதைப் பயன்படுத்தியது சும்மா இல்லை.

சுருக்கமாக: எண்ணிக்கையை மாற்றுவது கெட்டிக்காரத்தனத்தைக் காட்டுவதற்காக மட்டும் அல்ல. பயணத்தில் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று கேட்பவரின் உடம்புக்குச் சொல்வதற்கு.

## எட்டு நொடி வயலின்

ஐந்து பேர் குழு ஒரு ஆர்கெஸ்ட்ரா போல ஒலிக்க என்ன வழி? இந்தக் காலத்து ஆல்பங்களில் நனைந்த கம்பளி போன்ற ஒரு வயலின் கூட்டத்தின் ஓசை கேட்கும். அது வயலின் இல்லை. மெல்லோட்ரான்.

மெல்லோட்ரான் என்பது நாடாவில் பதிவுசெய்த ஓசைகளை வாசிக்கும் கீபோர்டு. பார்க்க ஒரு சின்ன அலமாரி போல இருக்கும். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு நாடாத் துண்டு தொங்கும். அதில் உண்மையான வயலின்காரர்கள் அந்த ஒரு சுரத்தை வாசித்த பதிவு இருக்கும். கட்டையை அழுத்தினால் நாடா நகர்ந்து ஒலிக்கும்; விட்டால் பின்னால் இழுபட்டுத் தொடக்கத்துக்குப் போய்விடும். நாடாவின் நீளம் சுமார் எட்டு நொடி. அதற்கு மேல் அழுத்திப் பிடித்தால் மௌனம்தான். ஆகவே வாசிப்பவர் எட்டு நொடிக்குள் விரலை நகர்த்தியே ஆக வேண்டும். மின்னழுத்தம் ஏறி இறங்கினால் சுருதியும் ஏறி இறங்கும். இந்தக் கோளாறுகள்தான் அதன் அழகு. மங்கிய புகைப்படத்தில் பார்க்கிற ஆர்கெஸ்ட்ரா அது. மூடி ப்ளூஸ் குழுவின் மைக் பிண்டர் மெல்லோட்ரான் தொழிற்சாலையிலேயே வேலை பார்த்தவர். ராக் உலகத்துக்கு அதை அறிமுகப்படுத்தியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

மின்சாரத்தால் ஓசையை உண்டாக்கும் மோக் சிந்தசைசரும், ஒவ்வொரு கருவியையும் தனித் தடத்தில் பதிந்து அடுக்கும் பல தட நாடாப் பதிவும் இதே வேலையின் மற்ற கைகள். விவரத்தை விட்டுவிடுகிறேன்.

## ஒரே பொருளைப் பற்றி ஓர் ஆல்பம்

‘கான்செப்ட் ஆல்பம்’ என்ற சொல்லும் தாராளமாகப் புழங்குகிறது. ஓர் ஆல்பத்தின் எல்லாப் பாட்டுகளும் ஒரே பொருளைச் சுற்றி அமைந்தால் அது கான்செப்ட் ஆல்பம். கதை இருக்க வேண்டும் என்பதில்லை. புரோகிரசிவ் ராக் எல்லாமே கான்செப்ட் ஆல்பமும் இல்லை. ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’ அப்படிப்பட்டதல்ல.

சிறந்த உதாரணம் பிங்க் ஃப்ளாய்டின், 1973 மார்ச்சில் வந்த ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’. காலம், பணம், மரணம், மனப்பிறழ்வு என்று மனிதனை நெருக்குபவற்றின் வரிசை. இதயத் துடிப்பில் தொடங்கி இதயத் துடிப்பில் முடிகிறது. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 700 வாரங்களுக்கு மேல் இருந்த ஆல்பம். சிக்கலானது மக்களுக்குப் பிடிக்காது என்று சொல்கிறவர்களுக்கு இந்த எண்ணைக் காட்டலாம். முதல் பக்கத்தின் கடைசியில் கிளேர் டோரி என்ற பாடகி சொல்லே இல்லாமல் குரலால் மட்டும் பாடுகிறார். அன்று அவருக்குக் கிடைத்த சம்பளம் முப்பது பவுண்டு. முப்பது ஆண்டு கழித்து வழக்குத் தொடுத்த பிறகே இசையமைப்பில் அவர் பெயரும் சேர்ந்தது.

‘திக் ஆஸ் எ ப்ரிக்’கின் கதை வேடிக்கையானது. ஜெத்ரோ டல்லின் முந்தைய ஆல்பமான ‘அக்வாலங்’கை விமர்சகர்கள் கான்செப்ட் ஆல்பம் என்றார்கள். குழுவின் தலைவரான இயன் ஆண்டர்சன் இல்லை என்றார், யாரும் கேட்கவில்லை. “அப்படியா, இந்தாருங்கள் கான்செப்ட்” என்பது போல அடுத்ததைக் கேலியாகவே செய்தார். பாட்டை எழுதியது ஜெரால்டு பாஸ்டாக் என்ற எட்டு வயதுச் சிறுவன் என்று ஒரு கற்பனை. அட்டைக்குப் பதில் பன்னிரண்டு பக்கத்துக்கு ஒரு பொய்ச் செய்தித்தாள்: உள்ளூர்ச் செய்தி, விளம்பரம், புதிர்ப் போட்டி எல்லாம் உண்டு. கேலி அமெரிக்கப் பட்டியலில் முதல் இடத்துக்குப் போனது. பலர் அதைக் கேலி என்றே அறியாமல் ரசித்தார்கள். என்னைக் கேட்டால் அதில் தவறில்லை. கேலி செய்ய உட்கார்ந்தவர் கை தவறி நல்ல இசையை எழுதிவிட்டார்.

## அளவு மீறியபோது

எல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’ஜுக்கு அடுத்து யெஸ் புதிதாக எழுதிப் பதிவுசெய்த ஆல்பம் ‘டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்’. பரமஹம்ச யோகானந்தரின் சுயசரிதையில், சுருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம் என்று நால்வகைச் சாஸ்திரங்களைப் பற்றி வரும் ஓர் அடிக்குறிப்பு யெஸ்ஸின் பாடகர் ஜான் ஆண்டர்சன் கண்ணில் பட்டது. அந்த ஓர் அடிக்குறிப்பிலிருந்து இரண்டு தட்டு, நான்கு பக்கம், பக்கத்துக்கு ஒரு பாட்டு. வேக்மேனுக்கு இது பிடிக்கவில்லை. ஒரு கச்சேரியில் தமக்கு வேலையில்லாத நேரத்தில் மேடையிலேயே கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்துக் கறிச் சாப்பாடு சாப்பிட்டார். 1974இல் விலகியும் போனார். அந்த ஆல்பத்தில் அழகான இடங்கள் உண்டு. ஆனால் அங்கே யாப்பு இசையைச் சுமக்கவில்லை. பக்கத்தை நிரப்ப வேண்டுமே என்று இசை இழுபடுகிறது. நீளம் விளைவாக இருந்தது போய் நோக்கமாக மாறிய இடம் அதுதான்.

எமர்சன் லேக் அண்ட் பாமர் குழுவிடமும் எனக்கு இதே மனத்தாங்கல். கீபோர்டில் கீத் எமர்சனின் விரல்கள் அபாரம். மெட்டு எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்பதைவிட விரல் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதே பல நேரம் முன்னால் நிற்கிறது. இதை மறுத்துச் சண்டைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள், வரட்டும். 1976, 77இல் பங்க் என்ற எளிய, முரட்டு ராக் வந்தபோது கிட்டாரில் மூன்றே சுரக்கூட்டு (கார்டு) தெரிந்த பையன்கள் இந்த மாளிகைகள் மீது கல்லெறிந்தார்கள். “எனக்குப் பிங்க் ஃப்ளாய்டைப் பிடிக்காது” என்று பொருள்படும் வாசகம் எழுதிய பனியனை செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழுவின் பாடகர் ஜானி ராட்டன் போட்டுக்கொண்டார். எறிந்த கற்களில் சில சரியான ஜன்னலில்தான் பட்டன.

## எதிலிருந்து தொடங்குவது

புதிதாகக் கேட்கிறவர்களிடம் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ என்பேன். பாட்டுகள் சின்னவை, பயமுறுத்தாது. அடுத்து ஜெனிசிஸின் ‘செல்லிங் இங்லண்ட் பை தி பவுண்ட்’. 1973இல் வந்தது, மெட்டுகள் இனிமையானவை. பிறகு ‘ஃபாக்ஸ்ட்ராட்’டும் அதில் உள்ள ‘சப்பர்ஸ் ரெடி’யும். அப்புறம் ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’. நண்பருக்கு நான் செய்த தவறு, அவரை நேரே இதற்குள் தள்ளிவிட்டது. ஒரே நிபந்தனை: ஒரு பக்கத்தை உட்கார்ந்து ஒரே மூச்சில் கேளுங்கள். பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்டால் கரு மெட்டு எப்போது வந்தது, எப்போது போனது என்று தெரியாது.

என் சொந்த விருப்பம் கடைசியில் நிற்கிறது. கிங் கிரிம்சனின் ‘ரெட்’, 1974. அது கடைக்கு வருவதற்கு முன்பே குழுவின் கிட்டார்காரர் ராபர்ட் ஃப்ரிப் அதைக் கலைத்துவிட்டார். அதன் இறுதிப் பாட்டு ‘ஸ்டார்லெஸ்’, பன்னிரண்டு நிமிடம். மெல்லோட்ரானின் மேல் கிட்டார் ஒரு சோக மெட்டை வாசிக்கிறது. ஜான் வெட்டன் பாடுகிறார். நான்கரை நிமிடத்தில் பாட்டு முடிந்தது போலிருக்கும். பிறகு பதின்மூன்று எண்ணிக்கையில் ஒரு பாஸ் சுற்று. அதன் மேல் ஃப்ரிப் ஒரே சுரத்தை மீட்டிக்கொண்டிருக்கிறார். நிமிடக்கணக்கில். சுரம் மெல்ல ஏறுகிறது, டிரம்ஸ் இறுகுகிறது, எதுவும் உடைவதாக இல்லை. பிறகு உடைகிறது.

சென்ற மாதம் நண்பர் மறுபடி வந்தபோது இதைப் போட்டேன். பதின்மூன்றைத் தொடையில் தட்டி எண்ணத் தொடங்கி, இரண்டு முறை தவறவிட்டு, மூன்றாவது முறை பிடித்துக்கொண்டார். கடைசி நிமிடத்தில் அந்தப் புயலுக்குள்ளிருந்து சாக்ஸஃபோனில் ஒரு மெட்டு எழுந்தது. தட்டுவதை நிறுத்திவிட்டு விரலை உயர்த்தினார். “இது முதலில் வந்ததல்லவா?”